மீசை வைத்த எஸ்தர்

உலகத்தில் மீசை வைத்த எஸ்தர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் லிந்துலை டவுனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பெரிய பங்களாவில் கோக்கியாக, அதாவது சமையல்காரராக, இருந்தார். சாதாரண மீசை இல்லை. இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று துணி காயப்போடலாம். ஆறடி உயரத்தில், ஏப்ரனோடு, அந்த மீசையோடு அவர் கேரட் வாங்கக் கடைக்கு வரும்போது, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பொலிஸ் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். நாங்களோ சர்வ சாதாரணமாக, "எஸ்தரண்ணே, இன்னக்கி தொரைக்கு என்னா கறி?" என்று கேட்போம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பைபிளில் அறுபத்தாறு புத்தகங்கள் இருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் எஸ்தர் புத்தகம்தான் சோறு, மிச்சமெல்லாம் தொட்டுக்கொள்ளச் சம்பல் என்பது அவர் கட்சி.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் ஒரு யூதப் பெண். பெர்சிய ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு பொல்லாத மந்திரி அவளுடைய சனத்தையே ஒழித்துக்கட்ட உத்தரவு வாங்கிவிடுகிறான். அவளை வளர்த்த மொர்தெகாய் அரண்மனை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நீதான் போய்ப் பேச வேண்டும், இதற்காகவே அந்த இடத்துக்கு வந்தாயோ என்னவோ" என்று சொல்லி அனுப்புகிறான். ஆனால் ராஜா கூப்பிடாமல் முன்னால் போனால் தலை போய்விடும். ராஜா பொற்செங்கோலை நீட்டினால் மட்டும் பிழைக்கலாம். மூன்று நாள் உபவாசம் இருந்து, செத்தாலும் சரி என்று எஸ்தர் போகிறாள். செங்கோல் நீள்கிறது. அவளோ வாயைத் திறந்து எதையும் கேட்காமல், "விருந்துக்கு வாங்க" என்கிறாள்.

இந்த 'விருந்து' என்ற இடத்தில்தான் எங்கள் கோக்கியின் ஊழியம் ஆரம்பமாகும்.

தோட்டத்துத் தகரக் கோயிலுக்குப் போதகர் மாதம் ஒருமுறைதான் டவுனிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையாரே முறை வைத்துப் பேச வேண்டும். எஸ்தரண்ணன் முறை வந்தால் அன்று குறித்த பகுதி நோவாவாக இருந்தாலும் சரி, நல்ல சமாரியனாக இருந்தாலும் சரி, ஐந்தாவது நிமிஷம் பெர்சியா வந்துவிடும்.

"ராஜாவுக்கு என்னா சமைச்சாங்கன்னு பைபிள்ல எழுதல. அது ஒரு கொறதான். ஆனா நான் சொல்றேன், மொதல்ல சூப்பு. லீக்ஸ் போட்ட சூப்பு. அப்பறம் ஆட்டுக்கால ரோஸ்ட்டு பண்ணி, சுத்திவர உருளைக்கெழங்கு..."

காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்திருந்த சபை மொத்தமும் எச்சில் விழுங்கும். கைக்குழந்தைகள் அழும். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து, "அண்ணே, சீக்கிரமா ராஜாவுக்குக் கை கழுவ தண்ணி குடுங்க, நாங்க போயி ஒலய வைக்கணும்" என்றார்.

கிறிஸ்மஸுக்காவது விடுவாரா என்றால், இல்லை. போதகரே ஒருமுறை கேட்டார்: "அண்ணே, பாலன் பொறந்த நாளுல எஸ்தர் எதுக்கு?"

"ஐயா, எஸ்தர் போயிப் பேசலன்னா யூதரு இல்ல. யூதரு இல்லன்னா மரியம்மா இல்ல. மரியம்மா இல்லன்னா இன்னக்கி நம்ம எதுக்குக் கேக்கு திங்கிறோம்?"

போதகர் கேக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

இத்தனை தைரியத்தைப் பிரசங்கித்த மனிதர், எங்கள் பகுதியிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. துரை இருமினால் இவர் கையில் இருக்கும் கோப்பை சாசரில் தாளம் போடும். பங்களாவுக்கு விருந்தாளி வந்தால் தேத்தண்ணி வருவதற்கு முன் அந்தச் சத்தம் வரும். முப்பது வருஷம், எத்தனையோ துரைமார்; யாரிடமும் "யெஸ் சேர்", "புடிங் சேர்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொந்தமாகப் பேசியதில்லை. பங்களா முன்வாசலை அவர் கூட்டிப் பெருக்கியிருக்கிறார். அதன் வழியாக ஒருநாளும் நுழைந்ததில்லை.

"கடவுள் என்னய ஏன் இந்தக் குசினியில வச்சாருன்னு தெரியல தம்பி" என்பார் அடிக்கடி. "சமைக்க மட்டும்னா ஒரு கேஸ் அடுப்பு போதுமே."

இனி என் வீரத்துக்கு வருவோம்.

நான் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் வாய் ஓயாது. செத்துப்போன போனைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்புவேன் என்று பெயர். அதே வாயில், மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தால், நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற சமயம் அது. எங்கள் வீட்டில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவர்கள் வேறு யாரும் இல்லை; அப்படிப் பதிந்தவர்களுக்குத்தான் தோட்டத்து அறை. ஒருநாள் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா வந்து, "மாசக் கடசிக்குள்ள காம்பராவ விட்றணும்னு தொரை சொல்லிட்டாரு" என்றார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் அம்மா, நான், மனைவி, கைக்குழந்தையாக இருந்த மகள், எல்லாரும். அப்பா செத்ததும் அதே இடத்தில்தான். அம்மா அழவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, சுவரைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

"நான் தொரைய பாத்துப் பேசுறேன்மா" என்று மார்தட்டினேன்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். ராத்திரி முழுக்கப் பேச்சைப் பாடமாக்கி வைத்திருந்தேன். துரை ஜீப்பை விட்டு இறங்கி நேரே என்னைப் பார்த்தார்.

"என்னா?"

பேச்சு மொத்தமும் காற்றில் போனது. "ஒண்ணுமில்லைங்க சேர். மழை வருமான்னு கேக்கலாம்னு..."

"என்கிட்டயா?"

"இல்லைங்க சேர். பொதுவா."

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. என் மனைவி வாசலிலேயே வரவேற்றாள். "என்னாங்க, மழை வருமாமா?" அந்த வாரம் முழுக்க நான் துண்டை எடுத்தால், செருப்பைப் போட்டால், இருமினால்கூட அதே கேள்விதான்.

வேறு வழியில்லாமல் எஸ்தரண்ணனிடம் போனேன். அவர் கண்கள் பளபளத்தன. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேஸ் அவர் கையில் வந்து விழுந்துவிட்டது.

"மொதல்ல மூணு நாள் உபவாசம்" என்றார்.

"அண்ணே, சாப்பிட்டுப் போயே நாக்கு வரல."

"எஸ்தருக்கும் வந்திருக்காது. இரு."

முதல் நாள் பதினொரு மணி வரை விசுவாசமாக இருந்தேன். அதற்குமேல் எதிர்ப் பேக்கரியின் வாசனைக்கும் எனக்கும் நடந்த போரில் மீன் அடைத்த ஒரு மாலுபாண் விழுந்தது. மத்தியானம் கடைக்கு வந்த எஸ்தரண்ணன் என் சட்டையில் இருந்த பாண் தூளைப் பார்த்தார். அதைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கும் சேர்த்து அவரே உபவாசம் இருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

திட்டம் இதுதான். ஞாயிறு மத்தியானம் துரை தனியாகச் சாப்பிடுவார். எஸ்தரண்ணன் தன் கையிலுள்ள வித்தையெல்லாம் காட்டிச் சமைப்பார். கடைசியில் கேரமல் புடிங். முதல் கரண்டி வாய்க்குள் போனதும் குசினி ஜன்னலில் துண்டு அசையும். உடனே நான் முன்வாசலுக்குப் போய் மணியை அடிக்க வேண்டும்.

"குசினிப் பக்கமா வந்தா ஆகாதாண்ணே?"

"பின்வாசல்ல வர்றவன் கூலிக்கு வந்தவன். முன்வாசல்ல வந்தாத்தான் ஒரு மனுசன் பேச வந்திருக்கான்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பங்களாத் தோட்டத்து வேலியோரம் நீலப்பூப் புதருக்குள் பதுங்கினேன். காலில் அட்டை ஏறியது. தட்டிவிடக்கூடப் பயம். துரையின் நாய், கன்றுக்குட்டி சைஸ், புல்வெளியில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. இவனுக்காக எழுந்திருப்பானேன் என்று நினைத்திருக்கும்.

ஜன்னலில் துண்டு அசைந்தது. நான் அசையவில்லை. காலுக்குச் சொல்லிப் பார்த்தேன். அது வேறு யாருடைய காலோ என்பதுபோல் இருந்தது. மறுபடி துண்டு. பிறகு ஏப்ரன். பிறகு ஒரு முழு மேசைவிரிப்பே ஜன்னலில் பறந்தது. கப்பலையே திருப்பியிருக்கலாம். நான் புதருக்குள் இன்னும் கொஞ்சம் கீழே போனேன்.

ஜன்னல் வெறுமையானது. சரி, மனிதர் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவமானத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது குசினிக் கதவு திறந்தது. எஸ்தரண்ணன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தோட்டக் குழாயில் கைகழுவினார். மீசையைத் தடவினார். வீட்டைச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்வாசல் படியேறி, தான் இப்போதுதான் வெளியே வந்த அதே வீட்டின் மணியை அடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்களாவுக்குப் பின்னாலிருந்த சின்னக் குவாட்டர்ஸ்தான் அவர் வீடு. வேலை போனால் அதுவும் போகும். என் காம்பராவுக்காக அவர் தன் கூரையை எடுத்துக்கொண்டு படியேறியிருந்தார்.

உள்ளேயிருந்து துரையின் குரல் கேட்டது. "கோக்கி! பெல் அடிக்குது!"

மணி மறுபடி அடித்தது.

"கோக்கி! யாருன்னு பாரு!"

பார்க்க வேண்டிய ஆள் வெளியே நின்று அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் துரையே வந்து திறந்தார். கையில் புடிங் கரண்டி.

"நீ வெளிய நின்னா உள்ள யாரு?"

"உள்ள யாருமில்லைங்க சேர். பேச வந்திருக்கேன்."

"இவ்வளவு நேரம் பக்கத்திலதான நின்ன. அங்கயே பேசுறதுக்கு என்னா?"

"அது பரிமாறுறதுங்க சேர். இது பேசுறது."

சொல்லிவிட்டார். அதற்குமேல் அவருக்கும் மறந்துவிட்டது போலும். கையில் கோப்பை இல்லாததால் தாளச் சத்தம் மட்டும் இல்லை. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே கதையை ஆரம்பித்தார். பெர்சியா, ராஜா, மந்திரி, உபவாசம் என்று வாசலில் நிற்க வைத்தே துரைக்கு முழு எஸ்தர் புத்தகம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. செங்கோலுக்கு வந்ததும் கதையை விட்டு என் அம்மாவுக்கு வந்தார்.

"அந்தம்மாவ வெளிய போடாதீங்க சேர். நான் இத்தன வருசமா சேர்மாருக்குக் குடுத்த தேத்தண்ணியில, அவங்க கை படாத கோப்ப இருந்திருக்காதுங்க சேர்."

துரை கையிலிருந்த புடிங் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தம்மாவுக்கு ஒரு மகன் இருக்கான்ல? அவன் எங்க?" என்றார்.

"பூச்செடிக்குள்ள இருக்காருங்க சேர். மொர்தெகாய்ங்க. அவரு வாசல்லதான் இருப்பாரு."

கரண்டி என் பக்கம் நீண்டது. பெர்சியாவில் அது பொன்னால் செய்ததாம். எங்களுக்கு எவர்சில்வர். நான் சேறும் அட்டையுமாக எழுந்து நின்றேன். துரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மழை வருமான்னு கேட்ட ஆளா?"

"ஆமாங்க சேர்."

"வந்திருச்சு" என்றார்.

பிறகு எஸ்தரண்ணனைப் பார்த்து, "அந்தம்மா இருக்கிற வரைக்கும் காம்பராவ யாரும் கேக்க மாட்டாங்க. கண்டாக்குகிட்ட நான் சொல்றேன். நனையாம உள்ள வா, புடிங் பாதியில நிக்குது" என்றார். எஸ்தரண்ணன் பழக்கதோஷத்தில் குசினியைப் பார்த்துத் திரும்பினார். "இப்பிடியே வா" என்று துரை கதவை அகலமாகத் திறந்தார்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "பயமா இல்லியாண்ணே?"

அவர் ஏப்ரனின் நுனியைக் காட்டினார். முறுக்கி முறுக்கிக் கயிறாகியிருந்தது. "பயம் போனதுக்கப்பறம் போவோம்னு எஸ்தர் நெனச்சிருந்தா, இன்னமும் அந்தப்புரத்துலதான் தம்பி ஒக்காந்திருப்பா." அப்புறம், மாலுபாண் விஷயத்தை அன்றுதான் முதலும் கடைசியுமாக எடுத்தார். "ஒனக்கும் சேத்து இருந்ததுல கண்ணு இருட்டிருச்சு. இனிமே ஒம் பங்க நீயே பாத்துக்க."

தோட்டம் எனக்கு மொர்தெகாய் என்று பெயர் வைத்தது. பைபிளில் மொர்தெகாய் யாருக்கும் தலைவணங்காதவன். நான் மண்ணோடு மண்ணாகக் கிடந்தவன். யாரும் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து அவர் முறை வந்தபோதும் எஸ்தர்தான். ஆனால் அந்த ஞாயிறு, அவள் ராஜாவின் முற்றத்தில் போய் நின்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டார். சூப்பும் இல்லை, ஆட்டுக்காலும் இல்லை. "சாப்பாடு எங்கண்ணே?" என்று பின்வரிசை அக்காவே கேட்டார்.

"அன்னக்கி அவளுக்குப் பசியே எடுத்திருக்காதும்மா" என்றார் எஸ்தரண்ணன்.

ஓய்வுக்குப் பிறகு கொத்மலையில் மகள் வீட்டுக்குப் போனார். போன மழைக்காலத்தில் அங்கேயே அடக்கம் செய்தோம். அம்மா இன்னமும் அதே இஸ்தோப்பில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் ஞாயிறு பள்ளியில் என் மகளுக்கு வர்ணம் தீட்ட ஒரு படம் கொடுத்திருந்தார்கள். கிரீடம் வைத்த அழகான ராணி, கீழே எஸ்தர் என்று எழுதியிருந்தது. மகள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கறுப்புப் பென்சிலை எடுத்து, ராணியின் மூக்குக்குக் கீழே, இரண்டு பக்கமும் துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு மீசை வரைந்தாள்.

"சரியாப்பா?" என்றாள்.

"இன்னுங் கொஞ்சம் பெருசும்மா" என்றேன்.