லுகொம்பா மன்னர் பிரதம விருந்தினராக இருந்த காலம்

ஆபிரிக்க மன்னராட்சி ஒன்றைத் தூக்கி நிறுத்திய பெருமையும், அதை வீழ்த்திய பெருமையும் ஒரே அமைப்புக்கு உரியவை என்றால், அது கிழக்கு லண்டன் பைந்தமிழர் கலை, கலாசார, அகதிகள் நலன்புரி மேம்பாட்டுச் சங்கம்தான். இரண்டு வேளையிலும் அதன் செயலாளராக இருந்தவர் பாலேந்திரா.

பாலேந்திரா யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பதினான்கு வருடம் கிளாக்கராக இருந்தவர். 1986இல் இல்ஃபோர்டில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் வேலை கிடைத்தது. வாசலில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். வெளியே போகிற கார்களின் கூண்டு பாலேந்திராவுக்கு. உள்ளே வருகிற கார்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் கூண்டில் நெடிய ஆபிரிக்கர் ஒருவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் கிழமை, தேநீர் வேளையில், ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று பாலேந்திரா ஆங்கிலத்தில் கேட்டார்.

“அரசனாக இருந்தேன்,” என்றார் அவர், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி.

லுகொம்பா நாட்டின் பதினேழாவது மன்னர் ஒசிம்பே. முதலாவது மன்னரின் பாட்டன் ஓடக்காரர். ஆற்றங்கரைக்கு யார் ஓடி வந்தாலும் ஊர் பேர் கேளாமல் ஏற்றி இறக்கினார். இறங்கிய சனம் அங்கேயே குடியேறிப் பெருகி, ஓடக்காரரின் பேரனுக்கு முடி சூட்டியது. முந்நூறு வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஆங்கிலேயர் வந்து ‘பாதுகாப்பு’ அளித்தார்கள். பாதுகாத்து முடித்தபோது மன்னரிடம் ஒரு மாளிகையும் ஒரு பாண்டு வாத்தியக் குழுவும் மிஞ்சியிருந்தன. சுதந்திரம் வந்த நாலாம் வருடம் குடியரசுக்காரர் மாளிகையை எடுத்துக்கொண்டார்கள். வாத்தியக் குழு அதற்கு முதல் நாளே கட்சி மாறிவிட்டது.

பாலேந்திரா அன்றைக்கு மிச்சக் கார்களை எல்லாம் எழுந்து நின்றே அனுப்பினார்.

அடுத்த தைப்பொங்கலுக்கு வருவதாக இருந்த கவுன்சிலர், இரண்டு நாள் இருக்கையில் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். சங்கத் தலைவர் ஆனந்தராஜா, ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடை வைத்திருப்பவர், தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பிரதம விருந்தினர் இல்லாமல் எப்பிடிப் பொங்கிறது?”

“என்னோட வேலை செய்யிற ஒருத்தர் இருக்கிறார், அண்ணை. ராசா.”

“எந்த ராசா? ராசாத்தம்பியற்ற மகனோ?”

“இல்லையண்ணை. ராசா எண்டால் ராசா.”

ஆனந்தராஜா யோசித்தார். “முடி இருக்கோ?”

“இல்லை. மொட்டை.”

ஆயினும் மன்னர் வந்தார், விளக்கேற்றினார், பொன்னாடை ஏற்றார். சபை சிலிர்த்தது. அதன்பின் ஐந்து வருடம் அவர் இல்லாமல் கிழக்கு லண்டனில் ஒரு நகைக்கடை திறக்கவில்லை, ஒரு பிள்ளை அரங்கேறவில்லை, ஒரு பெண் பெரிசாகவில்லை. ஆனந்தராஜா அவரை ‘எங்கட ராசா’ என்றார். மன்னருடைய ஒற்றை அறையில் பொன்னாடைகளே யன்னல் சீலைகள். அவருடைய நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இந்த ஐந்து வருடத்தில் ஒருவரும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை. அத்தனை நாகரிகம்.

1992 பொங்கலில் மன்னர் வழக்கத்துக்கு மாறாக ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். தன் நாட்டில் சண்டை மூண்டுவிட்டது என்றார். தன் தங்கையும் பிள்ளைகளும் ஊரவர்களுமாகப் பதினொரு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள், படுக்க இடமில்லை, சங்க மண்டபத்தை இரண்டு கிழமைக்குத் தருவீர்களா என்று கேட்டார். ஆங்கிலம் விளங்காதவர்கள் கைதட்டினார்கள். விளங்கியவர்கள் பொங்கல் ஆறுகிறது என்று எழும்பினார்கள்.

மறுநாள் காலை செயற்குழு அவசரமாகக் கூடியது.

“ராசாவிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை,” என்றார் ஆனந்தராஜா. “ஆனால் ராசா எண்டால் தனிய வரவேணும். குடிசனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தால் எப்பிடி?”

“சமைப்பினம்,” என்றார் டொக்டர் சிவானந்தன். “மணக்கும். பக்கத்து வெள்ளையள் கவுன்சிலுக்கு எழுதுவினம்.”

அதே வெள்ளையர்கள் சங்கத்தின் சாம்பாரைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதிய முறைப்பாட்டின் பிரதி கடிதக் கோவையில் இருந்தது. இலக்கமிட்டு வைத்தவரே பாலேந்திராதான். அவர் கோவையைத் திறக்கவில்லை.

மன்னாரிலிருந்து வந்த டொலறஸ் மட்டும், “நாங்களும் இப்பிடித்தானே வந்தனாங்கள்?” என்றார்.

“நாங்கள் பிளேனிலை வந்தனாங்கள், பிள்ளை.”

“அவையும் பிளேனிலைதான் வந்தவை.”

“அது வேற பிளேன்,” என்றார் தலைவர்.

பாலேந்திராவின் கைவண்ணத்தில் தீர்மானம் உருவானது: ‘இச்சங்கம் அகதிகளின் நலனுக்காகவே அமைக்கப்பட்டதாகையால், மண்டபத்தை வெளியாருக்கு வழங்க இயலாது. பிரதம விருந்தினர் பதவி இன்றிலிருந்து சுழற்சி முறைக்கு உட்படுத்தப்படுகிறது.’ கை உயர்த்தச் சொன்னார்கள். பாலேந்திரா சுற்றிலும் பார்த்தார். பிறகு பேனாவை இடக்கைக்கு மாற்றிவிட்டு வலக்கையை உயர்த்தினார். டொலறஸின் கை மட்டும் மடியில் கிடந்தது.

அன்று பின்னேரமே டொலறஸ் பதினொரு பேரையும் தன் பங்குக் கோவில் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். பங்குத் தந்தை கேட்டது ஒரே கேள்வி: போர்வை போதுமா?

அடுத்த நாள் காலை மழை. பாலேந்திரா தீர்மானத்தை ஆங்கிலத்தில் தட்டெழுதி, முத்திரை குத்தி, உறையிலிட்டு எதிர்க் கூண்டுக்குக் கொண்டுபோனார். மன்னர் அதை நின்றபடி வாசித்தார். நடுவில் வந்த ஒரு காருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு மீதியையும் வாசித்தார்.

“நல்ல ஆங்கிலம்,” என்றார். “நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், பாலேந்திரா?”

“செயலாளருக்குப் பக்கம் கிடையாது, மாட்சிமை தங்கியவரே. மற்றவர்கள் சொல்வதை அவர் எழுதுவார். அவ்வளவுதான்.”

மன்னர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“என் மாளிகையிலும் அப்படி ஒரு செயலாளர் இருந்தார்,” என்றார். “மிகவும் மரியாதையானவர். இப்போது அவர்தான் அங்கே ஜனாதிபதி.”