மதகு காத்த மன்னர்கள்

ஒரு ராஜ்யத்துக்கு யாராவது விலை சொல்ல முடியுமா? மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மேடைக்குத் தகரக் கூரை என்று பேரம் படிந்தது.

பேசியவர் பழைய மாணவர் ராகவேந்திரா. வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னையில் இருப்பவர்.

"தகரம் என் செலவு டீச்சர். ஆண்டு விழா மலர்ல நம்ம 'மதகு காத்த மன்னன்' நாடக வரலாறு ஒரு பக்கம் வரணும். ராஜா நான்தான்னு போடணும். அன்னிக்கு விழுந்த கைத்தட்டல் இன்னும் காதுல கேக்குது."

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட நாடகம். எழுதிய வாத்தியார் காலமாகிவிட்டார். கையெழுத்துப் பிரதியைக் கரையான் முடித்துவிட்டது. தமிழாசிரியை செந்தாமரைக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. சாட்சி இல்லாத வரலாற்றை எழுதுவது சுலபம். கூரையில்லாத மேடையில் அவள் போட்ட நாடகம் ஒவ்வொன்றும் மழையில் பாதியில் நின்றிருக்கிறது. போன வருஷம் அரண்மனைக் காட்சியே குடைக்குள்தான் நடந்தது. ஒரு கூரைக்காக ஒரு ராஜாவை நியமிப்பது அவளுக்குப் பாவமாகத் தெரியவில்லை.

நியமித்தாள். அந்தப் பக்கத்தைப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் தப்பு. கையிலிருந்த போனைக் கீழே வைப்பதற்குள் அரிசி ஆலை முதலாளி சேரன் கூப்பிட்டுவிட்டார்.

"யாரும்மா அவனை ராஜா ஆக்குனது? சாமரம் வீசுன பய! ராஜா நான். மதகு உடைஞ்சு வெள்ளத்துல நான் செத்தப்ப பொம்பளைங்கல்லாம் அழுதாங்க."

"அவங்கதான் கூரைக்குத் தகரம் தர்றாங்கய்யா…"

"தரட்டுமே. தகரம் ஆகாசத்துலயா நிக்கும்? தூண் யாரு குடுக்கறது? நான்!"

செந்தாமரை திருத்தினாள்: 'முற்பாதியில் ராகவேந்திராவும் பிற்பாதியில் சேரனும் அரசராக நடித்தனர்.'

அன்று சாயங்காலமே கூத்தாநல்லூரிலிருந்து அஹமது கபீர் பேசினார். சிங்கப்பூரில் கடை வைத்திருந்து திரும்பியவர்.

"என்ன டீச்சரம்மா, ராஜாவை ஆட்டுக்கறி மாதிரி கூறு போட்டிருக்கீங்க? முழு ராஜா நான் இங்க இருக்கேன். நான் சாகவே இல்ல. கடைசியில சனம் எழுந்து நின்னு தட்டுச்சு."

"பாய், தகரமும் தூணும் ஏற்கெனவே…"

"ரெண்டும் தானா போய் ஒட்டிக்குமா? வெல்டர் கூலி, கொத்தனார் கூலி என்னோடது. பார்த்துப் போடுங்க."

மூன்று காட்சி, மூன்று ராஜா என்று மறுபடி திருத்தினாள். தலைமை ஆசிரியர் அன்பரசன் படித்துப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"அருமை டீச்சர்! அப்படியே நம்ம பசங்களை வெச்சு விழாவுல நடத்திடுங்க. மூணு பேரும் முன்வரிசையில உக்காந்து பார்க்கட்டும்."

இல்லாத நாடகத்தை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதினாள். ஒத்திகையில் இரண்டாம் ராஜா பரிதி கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"டீச்சர், நான்தான் செத்துட்டேனே. மூணாவது காட்சியில இவன் எப்படி ராஜாவா வர்றான்?"

"நீ செத்தது வதந்திடா."

"பொம்பளைங்கல்லாம் அழுவுறாங்களே?"

"வதந்தியை நம்பி அழுவுறாங்க. கிரீடத்தை மாட்டு."

விழா அன்று அன்பரசன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"டீச்சர், நல்ல சேதி! அந்த நாடகத்துல ராணி வேஷம் கட்டுன கண்ணாத்தாள் அம்மா வந்திருக்காங்க. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கூரை விஷயத்தையும் சொல்லிட்டேன். நாடகம் முடிஞ்சதும் மைக்கைக் குடுத்துடலாம்."

செந்தாமரை முன்வரிசையை எட்டிப் பார்த்தாள். ஊருக்குத் தெரியாவிட்டாலும் ராஜா யாரென்று ராணிக்குமா தெரியாது? அந்த அம்மாள் ஒரு பெயரைச் சொன்னால் போதும், மற்ற இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள். தகரம் நின்றால் தூண் போகும்; தூண் நின்றால் கூலி போகும்.

கண்ணாத்தாள் உள்ளே வந்ததும் முன்வரிசையில் மூன்று பெரிய மனிதர்களும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள்.

நாடகம் முடிந்தது. கண்ணாத்தாள் மைக்கைப் பிடித்தாள். மூன்று பேரையும் வரிசையாக, ஊசி போடப் போகிறவள் மாதிரி பார்த்தாள்.

"மூணு பேருமே ராஜாதான். ஒருத்தரைச் சொல்லி ஒருத்தரை விட எனக்கு மனசு வராது. ராஜாங்க குடுத்த வாக்கை மீறமாட்டாங்க. கூரைக்கு யார் யார் என்ன தர்றாங்கன்னு இப்பவே மேடையேறிச் சொல்லட்டும்."

மூவரும் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். தகரம், தூண், கூலி எல்லாம் மைக்கில் உறுதியாயின. போட்டியில் சேரன் மின்விசிறி வேறு சேர்த்துக்கொண்டார். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த நெல் மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது செந்தாமரைக்கு.

மேடைக்குப் பின்னால் டீயை நீட்டியபடி கண்ணாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் காப்பாத்திட்டீங்கம்மா. எனக்கு மட்டும் சொல்லுங்க, நிஜமா யாரு ராஜா?"

கண்ணாத்தாள் சிரித்த சிரிப்பில் டீ தளும்பியது.

"நாடகம் நடந்தாத்தானேம்மா ராஜா! அந்த வருஷம் ஆத்துத் தண்ணி ரொம்பத் தாமதம். திரை தூக்கப் போற நேரம் வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுன்னு எவனோ கத்த, மொத்தக் கூட்டமும் கரைக்கு ஓடிடுச்சு. கணக்குப் பார்த்துக்க: ராஜா மூணு, ராணி ஒண்ணு, நாடகம் பூஜ்யம். கைத்தட்டல் மட்டும் நிஜம். அது தண்ணிக்குத் தட்டுனது."