மடாதிபதி வாங்கிய மடம்

லண்டன் மாநகரில் மனைவியிடம் அனுமதி கேட்டு மடம் நடத்தப் பார்த்த ஒரே மடாதிபதி எங்கள் மடாதிபதிதான்!

ஆள் உண்மையில் ஹரோவில் பல் வைத்தியர். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் நாள் முழுவதும் பேசிப் பழகியவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லண்டன் ஓரத்தில் பல நூறு வருடப் பழைய கிறிஸ்தவத் துறவிமடம் ஒன்றை வீடாக மாற்றி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். பார்க்கப் போனவர் வாங்கிக்கொண்டே வந்தார். அன்றைக்கே நண்பர்கள் நாங்கள் பட்டத்தைச் சூட்டிவிட்டோம்.

அதன்பிறகு அவருக்குப் பல்லாவது, சொத்தையாவது! என் கடைவாய்ப் பல்லில் துளை போட்டுக்கொண்டே, "கல் வளைவைப் பாக்கோணும் ஐசே! உச்சியிலை ஒரு கல்லு. அதை உருவினால் முழு வளைவும் பொலபொலவெண்டு கொட்டும்!" என்று கையை வீசினார். எனக்கு என் பல்லை நினைத்துத்தான் பயம்.

அந்த வீட்டில் அவர் உயிரையே வைத்திருந்தது சாப்பாட்டு மண்டபத்தின் மீதுதான். அதன் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கல் மாடம். சுவருக்குள்ளேயே படி ஏறி அதற்குப் போகவேண்டும். துறவிகள் வாய் பேசாமல் சாப்பிட, ஒருவர் அங்கே நின்று வேதம் வாசிப்பாராம். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் வாய் நிறைய உணவு! நம்மவருக்கு இதைவிட வேறு சொர்க்கம் வேண்டுமா?

ஆனால் அவர் மனைவி சரசக்கா அசையவில்லை. "சாமியார்மார் இருந்த இடத்திலை குடும்பம் நடத்தேலாது. நீங்கள் போய் இருங்கோ. நான் ஹரோவிலையே இருக்கிறன்."

"பால் காய்ச்ச வரட்டும், பாத்தால் மனம் மாறுவா," என்றார் மடாதிபதி என்னிடம். பிறகு குரல் இறங்கியது. "மாறாட்டி வித்துப்போடுவன். அவ இல்லாமல் எனக்கென்ன வீடு?"

அந்த நாளும் வந்தது. ஆள் உள்ளேயே நிற்கக்கூடிய அளவு பெரிய பழைய அடுப்பில் பால் பொங்கியது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்ததும், "சாப்பிடேக்கை ஒருத்தரும் கதைக்கக் கூடாது! மடத்துச் சட்டம்!" என்று முழங்கிவிட்டு, டோர்ச் பிடிக்க என்னையும் இழுத்துக்கொண்டு சுவர்ப்படியில் ஏறினார்.

பாதிப் படியில் சமையலறைப் பக்கம் ஒரு துவாரம். அதன் வழியே சரசக்கா என் மனைவியிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"சாமியாரும் இல்லை, ஒண்டும் இல்லை. படுக்கையறை மேலை. அந்தச் சுத்துப்படியிலை என்ரை முழங்கால் ஏறாது. சொன்னால் மனுசன் இண்டைக்கே வீட்டை வித்துப்போடும். பாவம், சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளுது. அதுதான் பழியைச் சாமியார்மாரிலை போட்டனான்."

மடாதிபதி விடுவிடுவென்று மாடத்துக்கு ஏறினார். வாயில் வடையோடு அத்தனை பேரும் அண்ணாந்தார்கள். வளைவுப் பிரசங்கம் வரப்போகிறது என்று நினைத்தோம்.

"சாப்பிட்டிட்டு ஒருத்தரும் ஓடக் கூடாது! மேலை கிடக்கிற கட்டிலைக் கழட்டிக் கீழை இறக்கோணும். இனி இதுதான் படுக்கையறை!"

சரசக்கா அகப்பையோடு ஓடி வந்தார். "உங்களுக்கென்ன விசரே? சாப்பாட்டு மண்டபத்திலை ஆர் படுக்கிறது?"

"நீரும் நானும்!"

அவ்வளவுதான், மடத்துச் சட்டம் தூள்தூளானது! மண்டபமே கைதட்டிச் சிரித்தது. சரசக்கா மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, துவாரம் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே அக்கா குடிவந்தார். கொஞ்ச நாளில் மடாதிபதியும் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு முழுநேர மடவாசியானார். இரவில் மாடத்தில் நின்று தமிழ்ப் பத்திரிகை வாசிப்பாராம்; அக்கா தூங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்வாராம்.

எனக்கு இப்போது வேறு பல் வைத்தியர். கெட்டிக்காரர்தான், ஒரு வார்த்தை பேசமாட்டார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதெல்லாம், யாராவது அந்தக் கல் வளைவைப் பற்றி ஒருமுறை சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது.