உப்பின பேட்டரியும் ‘ஒண்ணும் ஆகாது’ பேர்வழியும்

கூண்டில் அடைத்து, வெளியே பலகை மாட்டி, கட்டணம் வைத்துக் காட்ட வேண்டிய ஒரு பிராணி வீட்டுக்கு வீடு சுதந்திரமாக உலவிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். இல்லையென்றால் எதிர் வீட்டில் நிச்சயம். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘ஒண்ணும் ஆகாது’ பேர்வழி.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்தால் தெரியாது. மேசையின் கடைசி இழுப்பறையைத் திறக்க வேண்டும். செத்துப்போன செல்போனின் சார்ஜர், எப்போதோ தொலைந்த கேமராவின் சார்ஜர், சவரம் செய்யும் கருவியின் சார்ஜர், எந்தக் கருவிக்கு வந்தது என்று யாருக்குமே தெரியாத, ஆனால் தூக்கிப் போட மட்டும் மனசு வராத இன்னும் நாலைந்து சார்ஜர்கள், எல்லாம் அங்கே பின்னிப் பிணைந்து கிடக்கும். ஒன்றை இழுத்தால் குடும்பத்தோடு வரும். வந்ததில் ஒரு முனையை எடுத்து ஃபூ என்று ஊதுவார், சட்டையில் துடைப்பார், செருகுவார், போகாது, திருப்பிச் செருகுவார், ஆடும், ஆடாமலிருக்கக் காகிதத்தை மடித்துத் திணிப்பார். விளக்கு எரிந்ததும் மின்சாரத்தையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி நம்மை ஒரு பார்வை பார்ப்பார்.

“இதோட வந்த சார்ஜர் எங்கேங்க?”

“எல்லாம் ஒரே கரண்ட்தானே!”

இவருடைய செல்போன் தலையணைக்கடியில் சார்ஜ் ஏறும். மடிக்கணினி மெத்தையில் போர்வைக்குள் வெந்துகொண்டிருக்கும். சுடுகிறதே என்றால், “சூடானாத்தான் நல்லா ஏறுதுன்னு அர்த்தம்” என்பார். அதற்கும் நாம் அடங்காவிட்டால் இருக்கவே இருக்கிறார் ஒரு நண்பர். “என் ஃப்ரெண்டு ஒருத்தன் வருஷக்கணக்கா இப்படித்தான் போடறான். அவனுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை.” அந்த நண்பரை இதுவரை யாராவது நேரில் பார்த்ததுண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த இனத்தை நான் தூரத்திலிருந்து ஆராய்ந்தவன் இல்லை. என் அக்காவை இப்படி ஒருவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அத்தான் தங்கமான மனிதர். ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்க மாட்டார். அவருக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம், ரிமோட்டில் ஓடும் ஒரு சின்னக் கார். தலையில் பாதி நரைத்த பிறகு வாங்கினார். மொட்டை மாடியில் அதை ஓட்டிக்கொண்டு, வளைவில் கார் சாயும்போது தானும் சாய்வார். அந்தக் காருக்கு உயிர் கொடுப்பது உள்ளங்கையளவு லித்தியம் பேட்டரி. அதற்கு இரண்டு வால். தடித்த வால் காருக்கு மின்சாரம் கொடுப்பது. மெல்லிய கம்பிகள் கொண்ட சின்ன வால் சார்ஜருக்கானது. பேட்டரிக்குள் இருக்கும் அறைகள் ஒன்றுபோல நிரம்புகின்றனவா, ஒன்று வழிய ஒன்று காய்கிறதா என்று சார்ஜர் எட்டிப் பார்க்கிற ஜன்னல் அது.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? வாங்கின வாரமே அந்தச் சின்ன வாலை நகவெட்டியால் நறுக்கிவிட்டார்.

“சும்மா தொங்கிட்டு இருந்துச்சு மச்சான். கார்ல மாட்டிக்குது. எக்ஸ்ட்ரா வயர்.”

“நறுக்கும்போது ஒண்ணும் ஆகலையா அத்தான்?”

“லேசா ஒரு பொறி வந்துச்சு. பேட்டரி நல்ல உசுரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

ஜன்னலை அடைத்தாயிற்று. காரோடு வந்த சார்ஜர் ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்தது. அதற்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி இழுப்பறைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து பழைய வானொலிப் பெட்டியின் சார்ஜரை எடுத்து, முனையை வெட்டி, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று முறுக்கி, டேப் சுற்றினார். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்பது அவர் கட்சி. சில நாளில் பேட்டரி உப்ப ஆரம்பித்தது. வேறொருவராக இருந்தால் அப்போதே அதைத் தூக்கிப் போட்டிருப்பார். அத்தான் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

“பாத்தியா மச்சான், என்னமா சாப்பிட்டிருக்கு!”

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் கிடைத்தது. அதுவரை அக்கம்பக்கத்தில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவளை நம்பி, புதிதாகத் திறக்கப்போகும் ஒரு தங்கும் விடுதி அத்தனை ஜன்னல் திரைகளையும் தைக்கச் சொல்லிவிட்டது. சொன்ன தேதியில் கொடுத்தால் அடுத்த கிளைக்கும் இவள்தான். கொடுக்காவிட்டால் மறுபடி கொக்கிதான். பாவம், கழுத்து பிடித்துக்கொள்ள, கண் எரிய, தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் தைத்தாள். தைத்து முடித்த திரைகள் கூடத்தில் இடுப்புயரம் அடுக்கியிருந்தன.

அவ்வளவு பெரிய வீட்டில், பிளக்குக்குப் பக்கத்தில், மெத்தென்று வேறு எந்த இடம் இருக்கிறது? அத்தான் பேட்டரியைத் திரைகளின் உச்சியில் படுக்க வைத்துச் சார்ஜ் போட்டார்.

“என்னங்க, அதைத் தரையில வைங்களேன். சுடுது.”

“தரையில வெச்சா யாராவது மிதிச்சுடுவாங்க. நீ தையலைக் கவனி. ஒண்ணும் ஆகாது.”

நான் அப்போது அங்கே திரை வளையம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு வாசனை, நகப்பூச்சு பாட்டிலைத் திறந்த மாதிரி. அப்புறம் உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் புகை. அத்தான் என்ன செய்தார்? கிட்டே போய்க் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, ஃபூ என்று ஊதினார். பிறந்தநாள் மெழுகுவர்த்தி என்று நினைத்தாரோ என்னவோ!

அக்கா கத்தவில்லை. கத்தரிக்கோலைப் போட்டாள், சுவரில் இருந்த சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கினாள், அத்தானைத் தோளால் ஒரு இடி இடித்துத் தள்ளினாள், மேலே இருந்த திரையின் ஓரத்தைப் பிடித்து, பேட்டரியோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் பால்கனியின் வெறும் தரையில் விட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கதவு சாத்திய மறு நிமிஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீ சீறிக்கொண்டு எழுந்தது. அந்தத் தீ கூடத்தில் எழுந்திருந்தால் திரையும் இல்லை, வீடும் இல்லை, நாங்களும் சந்தேகம்.

“மேல என்ன தீயுது?” என்று கீழ் வீட்டுக்காரர் கத்தினார்.

“ஒண்ணும் இல்லை சார்!” என்றார் அத்தான்.

புகை அடங்கியதும் திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்: “நல்லா யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்கு ஏதாவது ஆச்சா? ஒண்ணும் ஆகலையே!”

அக்கா கருகிப்போன திரைக்கு ஈடாக அதே நிறத் துணி தேடி கடை கடையாக ஏறி இறங்கினாள். மற்றவற்றை உதறி, புகை வாடை போகக் காயப்போட்டாள். எப்படியோ சொன்ன தேதியில் கொடுத்துவிட்டாள்.

இதோடு அத்தான் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த வாரமே புது பேட்டரி வந்தது. அடுத்த கிளைக்கான திரைகள் அடுக்க ஆரம்பித்திருந்தன. அத்தான் புது பேட்டரியும் பழைய வானொலிச் சார்ஜருமாக அதே அடுக்கை நோக்கி நடந்தார்.

“போன பேட்டரி மட்டமானது. இது நல்ல சரக்கு. ஒண்ணும் ஆகாது.”

“ஆகாதுல்ல?” என்றாள் அக்கா.

“சத்தியமா ஆகாது.”

அக்கா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அத்தான் ஈ மொய்க்க விடாமல் காப்பாற்றும் அந்தக் கார், அவர் தூசி துடைக்க மெல்லிய துணி வைத்திருக்கும் அந்தக் கார், அதைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள்.

“அப்ப இது மேல வெச்சுப் போடுங்க.”

அத்தான் காரைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். சார்ஜரைப் பார்த்தார். பிறகு காரைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, இழுப்பறையைக் கிளறி, காரோடு வந்த சார்ஜரைத் தேடி எடுத்தார். குளியலறை வேலையில் மிஞ்சின ஓடு ஒன்றைப் பால்கனியில் போட்டு, அதன்மேல் பேட்டரியை வைத்தார். இன்னும் நறுக்காமல் விட்டிருந்த சின்ன வாலைச் சார்ஜரில் அதன் இடத்தில் மாட்டினார். பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏறி முடிகிற வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ‘ஒண்ணும் ஆகாது’ என்பதெல்லாம் அக்காவின் திரைக்குத்தான், அவருடைய காருக்கு இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் செல்போன் இப்போது எதன்மேல் கிடந்து சார்ஜ் ஏறுகிறது, செருகியிருப்பது யாருடைய சார்ஜர் என்று மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என்ன, இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போகிறீர்களா? அதற்குள் ஒன்றும் ஆகாதா?