பதினைந்து நிமிடத்தில் மூன்று ஓட்டு

மக்களாட்சியில் மக்கள் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் அவர்களுடைய பிரதிநிதி செய்ய வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. மக்கள் இரண்டு விதமாகச் சொன்னால் பிரதிநிதி இரண்டையும் செய்ய வேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில் இருக்கும் எங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினர், மாண்புமிகு வெண்டெல் ஸ்ட்ரேக் அவர்கள், இந்த உயர்ந்த கொள்கையிலிருந்து இம்மியும் பிசகாதவர்.

நான் அவருடைய ஊர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் பெர்னிஸ். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. இதற்குள் மூன்று உறுப்பினர்கள், இரண்டு கட்சிகள் பார்த்தாகிவிட்டது. சுவரில் படம் மாறும், படத்துக்குக் கீழே உட்கார்ந்து போன் எடுப்பவள் மட்டும் மாறமாட்டாள். யார் கூப்பிட்டாலும் பெயர், ஊர் கேட்டு, வேண்டும் அல்லது வேண்டாம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். காரணம் எழுத இடம் கிடையாது. யாராவது காரணம் சொல்ல ஆரம்பித்தால், "உங்க கருத்தை ஐயாகிட்ட கண்டிப்பா சொல்லிடறேன்" என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிட வேண்டும். இதற்கு ஒரு நாள் பயிற்சி கூடக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு மசோதா வந்தது. வெகு தூரத்தில் போரில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்குப் பீரங்கிக் குண்டுகள் அனுப்பலாமா கூடாதா என்பது விஷயம். அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் பெயரைச் சொல்லவேயில்லை. "அந்தக் குண்டு விவகாரம்" என்றுதான் சொன்னார்கள். நானும் ஊரோடு ஒத்துப்போகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குண்டுக்கு மேல்கூடு செய்கிற ஆலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மசோதா நிறைவேறினால் மூன்று ஷிப்ட் ஓடும். தோற்றால் ஒன்றுதான். இன்னொரு பக்கம், பள்ளிக்கூடக் கூரை நான்கு வருஷமாக ஒழுகுகிறது, அதற்கு இல்லாத பணம் குண்டுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி. ஆகவே ஊரில் பாதி அனுப்பு என்றது, பாதி அனுப்பாதே என்றது. இரண்டையும் சொன்னவர்களும் உண்டு.

"குண்டை அனுப்பவே கூடாதும்மா. எவனோ அடிச்சுக்கறதுக்கு நாம எதுக்கு? ஆனா ஆலை மட்டும் நிக்கக் கூடாது" என்றார் ஒருவர்.

"அனுப்பலன்னா ஆலை எப்படிங்க ஓடும்?"

"செஞ்சு இங்கயே அடுக்கி வைக்கட்டுமே."

அவருக்கு இரண்டு கட்டத்திலும் ஒவ்வொரு கோடு போட்டேன்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் ஐயா வாஷிங்டனிலிருந்து கூப்பிட்டார். கட்சிக்குள் அடுத்த வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தலுக்கு ஒன்பது வாரம்தான் இருந்தது. குரலில் தூக்கமில்லை.

"எவ்வளவு பெர்னிஸ்?"

"வேணும் ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. வேண்டாம் ஆயிரத்து நானூத்தி ஒம்பது."

"மூணு பேர் வித்தியாசத்துல நான் எப்படி ஒரு கொள்கை முடிவு எடுக்கறது? இன்னும் யாராவது கூப்பிடுவாங்களா பாரு."

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "மூணு பேர் பேசினாங்க ஐயா."

"அப்பாடா. எந்தப் பக்கம்?"

"மூணு பேரும் வேண்டாம்னுட்டாங்க."

"மக்களுக்கு ஈவிரக்கமே கிடையாது" என்றார்.

கீழவையில் ஓட்டுப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உறுப்பினர் தன் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், சுவரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரியும். ஆதரவு பச்சை, எதிர்ப்பு சிவப்பு. மஞ்சள் என்றால், நான் அவைக்கு வந்திருக்கிறேன், அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதீர்கள் என்று அர்த்தம். பதினைந்து நிமிடம் அவகாசம். அதற்குள் மனம் மாறினால் ஓட்டையும் மாற்றிக்கொள்ளலாம். மனிதர் தவறு செய்வார் என்று அறிந்த பெரியவர்கள் வைத்த விதி இது. ஒரு மனிதர் அதைத் திட்டமிட்டுச் செய்வார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஐயா முதலில் பச்சையை அழுத்தினார். கைக்குட்டைக்கு அடியில் போனை வைத்துச் சுவரைப் படம் எடுத்தார். அவைக்குள் படம் எடுக்கக் கூடாது என்பது விதி, அந்த விதியை மதித்துத்தான் கைக்குட்டை. ஆறு நிமிடம் கழித்துச் சிவப்பை அழுத்தி இன்னொரு படம். கடைசியில் மஞ்சளை அழுத்திவிட்டு, மக்களின் இரு தரப்பு விருப்பத்தையும் நிறைவேற்றிய திருப்தியோடு சாப்பிடப் போனார்.

மறுநாள் அலுவலகத்துக்கு இரண்டு கட்டுப் படங்கள் வந்தன. வேண்டும் என்றவர்களுக்குப் பச்சைப் படம், வேண்டாம் என்றவர்களுக்குச் சிவப்புப் படம். கடிதம் எல்லோருக்கும் ஒன்றுதான்: "தேசத்தின் பாதுகாப்பையும் தங்களது மேலான கருத்தையும் ஒருங்கே நெஞ்சில் தாங்கி, இத்துடன் இணைக்கப்பட்டுள்ள நிழற்படத்தில் கண்டவாறு வாக்களித்துள்ளேன் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்." இதில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஐயா, ஒரே வீட்டுல ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொல்லியிருந்தா?"

"ஒரே வீட்டுல எப்படிம்மா ரெண்டு கருத்து இருக்கும்?" என்றார். இரண்டு முறை விவாகரத்து ஆனவர் அவர்.

அப்படி ஒரு வீடு இருந்தது. லோர்னா ப்ருச்னிக் ஆலையில் இரண்டாவது ஷிப்டில் கடைசல் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் ஆல்வின் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். மழை நாளில் வகுப்புக்குள் பிள்ளைகளோடு பக்கெட்டுகளும் வரிசையாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவன். இருவரும் ஒரே நாள், ஒரே போனில் என்னிடம் பேசினார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "இரு, அவளும் ஏதோ உளறணுமாம்" என்று கொடுத்தான். அவள் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவனைப் பற்றிச் சொன்னதற்கு என் தாளில் கட்டம் இல்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. கடிதங்கள் இரண்டும் ஒரே சாப்பாட்டு மேஜையில்தான் பிரிக்கப்பட்டன.

தொலைக்காட்சிக்கு விஷயம் போனது. ஸ்ட்ரேக் பச்சையா சிவப்பா என்று இரவு பகலாக நிபுணர்கள் பேசினார்கள். ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது, மளிகைக் கடையிலும் அதே பேச்சு, மாதா கோவில் வாசலிலும் அதே பேச்சு. வேறு வழியில்லாமல் ஐயா மக்களைச் சந்திக்க வந்தார்.

தவக்காலத்தில் எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுத்துப் போடுவார்கள். ஐயா எப்போதும் அங்கேதான் கூட்டம் வைப்பார். ஒரு முழம் நீள மீனை ரொட்டிக்குள் வைத்துத் தின்றவனால் எழுந்து நின்று கத்த முடியாது என்பது அவருடைய நீண்ட கால அனுபவம்.

ஆல்வின் அன்றைக்குச் சாப்பிடாமல் வந்திருந்தான். இரண்டு கடிதத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"வெண்டெல், எங்க வீட்டுக்கு ரெண்டு கடுதாசி வந்திருக்கு. ஒண்ணுல நீங்க என் பக்கம். இன்னொண்ணுல என் பொண்டாட்டி பக்கம். நாங்க பேசிக்கிட்டு மூணு வாரம் ஆச்சு. இப்ப யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

"அருமையான கேள்வி ஆல்வின். நான் உங்க ரெண்டு பேரையும் ரொம்ப மதிக்கிறேன்."

லோர்னா உட்கார்ந்தபடியே கேட்டாள்: "மதிக்கிறது கிடக்கட்டும். பச்சையா சிவப்பா?"

"பச்சைதாம்மா."

பாதிக் கூடம் கைதட்டியது.

"சிவப்பும்தான்."

மீதிப் பாதி தட்டியது. பிறகுதான் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பைகளிலிருந்தும் சட்டைப் பைகளிலிருந்தும் படங்கள் வெளியே வந்தன. முடிதிருத்தும் கர்ட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பச்சைல மணி நாலு முப்பத்திரெண்டு. சிவப்புல நாலு முப்பத்தெட்டு. கடைசியாப் போட்டதுதான் செல்லும். எங்களுதுதான்!" என்று கூவினார். "மனுஷன் முதல்ல நினைக்கறதுதான் மனசுல இருந்து வர்றது. அப்புறம் வர்றதெல்லாம் கலப்படம்" என்றாள் எதிர் மேஜைக்காரி ஒருத்தி. இந்தத் தத்துவ விசாரம் முக்கால் மணி நேரம் நடந்தது. ஒரு கோப்பை கோஸ் சாலட் பறந்தது.

"கடைசியா எது எரிஞ்சுது?" என்று லோர்னா விடாமல் கேட்டாள்.

"மஞ்சள்."

"அப்படின்னா?"

"அவையில இருந்தேன்னு அர்த்தம்மா."

"இருக்கறதுக்கா அனுப்பினோம்? எங்க வீட்டு சோபாவும்தான் பதினாறு வருஷமா இருக்கு."

அப்போது பின்வரிசையிலிருந்து ஜூடித் வானெக் எழுந்தாள். மாட்டு வைத்தியம் பார்க்கிறவள். அதே கட்சியில் ஐயாவை எதிர்த்து நிற்கிற ஒரே ஆள். "எனக்கு ஒண்ணு தெரியணும். மசோதா என்ன ஆச்சு?"

கர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிறைவேறிச்சா, தோத்துச்சா?"

நானூறு பேர் இருந்தோம். பத்து நாளாக வேறு பேச்சே பேசாதவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயா என்னைப் பார்த்தார். "பெர்னிஸ்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. இரண்டாயிரத்து எண்ணூறு உறைகளை ஒட்டியவள் நான், அந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

தீயணைப்புத் தலைவர் போனில் தேடிக் கண்டுபிடித்து வாசித்தார். ஆதரவு இருநூற்றுப் பதின்மூன்று, எதிர்ப்பு இருநூற்றுப் பதின்மூன்று. சமமானால் மசோதா தோற்றதாகக் கொள்ளப்படும். வந்திருந்தேன் என்றவர் ஒருவர்.

ஆல்வின் ஜெயித்துவிட்டான். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். இரண்டாவது ஷிப்ட் போச்சு என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்த்துக் கத்தினான்: "யோவ் வெண்டெல்! அந்தப் பச்சைய அப்படியே விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

முடிதிருத்தும் கர்ட் தன் கடைக்கு வருகிற தலைகள் எந்த ஆலையிலிருந்து வருகின்றன என்று யோசித்திருக்க வேண்டும். கையிலிருந்த சிவப்புப் படத்தை மெதுவாகத் தட்டுக்கு அடியில் தள்ளினார். இரண்டு நிமிடத்தில் கூடத்தில் ஒரு சிவப்பும் இல்லை.

ஐயா கோட்டுப் பையிலிருந்து பச்சைப் படத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "நான் போட்டது பச்சை. இதோ அத்தாட்சி. மத்த இருநூத்திப் பதிமூணு பேரைப் போய்க் கேளுங்க!" என்று முழங்கினார்.

கைதட்டினார்கள். என் இரண்டு கண்ணால் பார்த்தேன், எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சத்தம் அடங்கியதும் ஜூடித் சொன்னாள்: "நானா இருந்தா பச்சையப் போட்டுட்டுக் கைய எடுத்திருப்பேன். ஆலைக்காக இல்ல. அங்க தினம் வீடுங்க மேல குண்டு விழுது, அவங்ககிட்ட திருப்பி அடிக்க ஒண்ணும் இல்ல. அதுக்காக. சண்டை நின்னா நம்ம ஆலைக்கு ஆர்டரும் நிக்கும். நிக்கட்டும். அதுக்குள்ள வேற எதாவது செய்யக் கத்துக்கணும். ஆல்வின் சொல்ற கூரையும் ஒழுகத்தான் செய்யுது. அதுக்கும் போன வருஷம் ஒரு ஓட்டு வந்துச்சு, அதுலயும் இவரு மஞ்சள்தான்."

ஒருவரும் கைதட்டவில்லை. "இந்தப் பொம்பளைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்று என் பக்கத்தில் ஒருவர் சொல்லிவிட்டு இனிப்பு மேஜைக்குப் போனார்.

மே மாதம் நடந்த உட்கட்சித் தேர்தலில் மாண்புமிகு வெண்டெல் ஸ்ட்ரேக் அவர்கள் நூற்றுக்கு எண்பத்தோரு ஓட்டு வாங்கி வென்றார். இரண்டு தரப்பு மக்களின் பேராதரவும் பெற்ற ஒரே தலைவர் என்று பத்திரிகை எழுதியது.

அடுத்த வாரம் லோர்னா என் மேஜைக்கு வந்தாள். வேலை போனவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான். எடுத்து நிரப்பிக் கொடுத்தேன்.

"ஆல்வின் எப்படி இருக்கான்?"

"நல்லாப் பேசிக்கிறோம். தேர்தல்ல ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தான் போட்டோம்."

"ஜூடித்துக்கா?"

"சேச்சே. வெண்டெலுக்கு. அவன் சிவப்புக்காக, நான் பச்சைக்காக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேராப் பதில் சொல்லுன்னு அன்னிக்கு அந்தக் கேள்வி கேட்டியே லோர்னா. நேராச் சொன்னது அவ ஒருத்திதானே?"

"அதான் பயமா இருந்துச்சு. ஆலை நின்னா நிக்கட்டும்னு நம்ம மூஞ்சிக்கு நேரா சொல்றா. நாளைக்கு இன்னும் என்னென்ன சொல்வாளோ?" விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "சரி, நீ யாருக்குப் போட்ட?"

"எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு" என்றேன்.

அவள் புரிந்துகொண்டு தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"பெர்னிஸ், அங்க அந்தச் சண்டை என்ன ஆச்சு? முடிஞ்சிருச்சா?"

"தெரியல லோர்னா" என்றேன். "யாரும் கூப்பிட்டுக் கேக்கல."