பதினோரு ஓட்டுக்காரர்

மெகராஜ் பேகத்தின் கை இரண்டும் வேலையாக இருந்தன. சோலைச்சாமியின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வேண்டும். காலையில் இருபது தடவை, மாலையில் இருபது தடவை. கைக்கு வேலை இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது? முன்னறையிலிருந்து அந்தக் குரல் வந்து காதில் விழுந்தது.

"நம்ம வீட்ல பதினோரு ஓட்டு அண்ணாச்சி. அம்புட்டும் உங்களுக்குத்தான். நீங்க நிம்மதியா அடுத்த தெருவப் பாருங்க."

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும் வாசகரே. பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கும். பதினோரு ஓட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். நாலு ஓட்டுக்காரர் உண்டு; சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி என்று சேர்த்துக்கொண்டே போகிற அறுபது ஓட்டுக்காரரும் உண்டு. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று சட்டம் சொல்வதை இவர்கள் ஒரு வதந்தியாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருப்பதுபோல வீட்டுக்கு இவர். அவரைத் தேர்ந்தெடுக்க நாம் வெயிலில் வரிசையில் நிற்கிறோம். இவரை யார் தேர்ந்தெடுத்தது? யாரும் இல்லை. அதனால்தான் இவர் தோற்பதே இல்லை.

முன்னறையில் பேசிக்கொண்டிருந்தவர் வைகுண்டராஜ். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். படுக்கையில் இருக்கும் சோலைச்சாமி அவருடைய அப்பா, வயது எண்பத்தேழு, மில்லில் ஃபிட்டராகவும் தொழிற்சங்கச் செயலாளராகவும் இருந்தவர், பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மெகராஜ் பேகம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு நர்ஸ். முப்பது வருஷமாக அதே வேலை. எதையும் அறிகுறிகளை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. வைகுண்டராஜுக்குக் காய்ச்சல் இல்லை, நாடி சீராக இருந்தது, நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து 'நான்' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'நாங்க' என்றார்.

அந்தப் பதினொன்று யார் யார் என்று பார்த்தால் சங்கதி விளங்கும். வைகுண்டராஜ் ஒன்று, மனைவி மாரீஸ்வரி இரண்டு, அப்பா மூன்று. இதுவரை தகராறு இல்லை. மாடியில் இருக்கும் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகன் என்று இன்னும் மூன்று. தம்பி இவரோடு பேசி நாலு வருஷம் ஆகிறது, மோட்டார் போடுவதென்றால்கூடச் சீட்டு எழுதித்தான் அனுப்புவார். வ. புதுப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளும் மருமகனும் இரண்டு; அது வேறு தொகுதி. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஒன்று. அது வேறு ஜில்லா, தேர்தலன்று வருவதாக அவன் சொல்லவும் இல்லை. கடையில் ஆணி நிறுத்துப் போடும் எட்வின் ஒன்று. ஐம்பது வயதான அவருக்கு ஓட்டு சிவகிரியில். ஆக, பத்து.

பதினொன்றாவது? மெகராஜ் பேகம்தான்.

"எனக்கு ஓட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல சார்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"தொகுதி வேறன்னா என்ன நர்ஸம்மா? மனசு இங்கதான இருக்கு?" என்றார் வைகுண்டராஜ்.

மனசுக்கு வாக்காளர் அட்டை தருவதில்லை என்று சொல்ல நினைத்து, ரத்த அழுத்தம் பார்க்க நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டார்.

இந்த இனம் காசு வாங்காது. அந்தக் குறையை இதன்மேல் சொல்லக் கூடாது. இதற்கு வேண்டியதெல்லாம் மரியாதை. ஆட்கள் வருவார்கள், செருப்பை வாசலில் விடுவார்கள், இவர் உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள், பதினொன்று என்றதும் ஒரு சால்வை போர்த்துவார்கள், யாராவது படம் எடுப்பார்கள். மூன்று கட்சிக்காரர்கள் வந்தார்கள். மூன்று சால்வை, மூன்று காப்பி, பதினொன்று பதினொன்றாக மூன்று வாக்குறுதி. பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. இத்தனை பேருக்காகப் பேசும்போது ஒரே பதிலை எப்படிச் சொல்ல முடியும்?

எண்பத்தைந்து வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று படிவம் வந்தபோது, நிரப்பிக் கொடுத்தது மெகராஜ் பேகம். சோலைச்சாமியிடம் கேட்டுத்தான் நிரப்பினார். கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. கேள்வியைக் கேட்டுவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் முப்பது எண்ணுவார். இருபத்தைந்துக்கு மேல் வார்த்தை வந்துவிடும். சோலைச்சாமிக்குப் பேச்சு போகவில்லை. வர நேரம் ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் இரண்டுக்கு மேல் எண்ணுவதில்லை. "மாமா, இட்லியா உப்புமாவா?" என்று மாரீஸ்வரி கேட்பார். "சரி, உப்புமாவே செஞ்சிருதேன்" என்று அவரே முடித்துவிடுவார். இரண்டு வருஷமாக உப்புமா.

குறித்த நாளில் தேர்தல் அலுவலர்கள் வந்தார்கள். அலுவலரான ஒரு டீச்சர், அவருடைய உதவியாளர், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒருவர். கூடவே, முறைப்படி பார்வையிட, சால்வை போட்ட கட்சிகளில் இரண்டின் முகவர்கள். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, பதினொன்று கையில் இருக்கிறது என்ற நிறைவில் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள்.

டீச்சர் கட்டிலருகே குனிந்தார். "ஐயா, நீங்களே குறி போட்டுருவீங்களா? துணைக்கு ஆள் வேணுமா?"

"நான்தான் துணை. எங்க எழுதணும், சொல்லுங்க" என்றார் வைகுண்டராஜ். "அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. அவுக நெனக்கிறது எனக்குத் தெரியும்."

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். இன்னும் பதினான்கு வீடு பாக்கி இருந்தது அவருக்கு.

"டீச்சர்" என்றார் மெகராஜ் பேகம். "நீங்க கேட்டது அவியகிட்ட. பதில் இவுககிட்ட இருந்து வருது. செத்த நேரம் பொறுங்க."

"நர்ஸம்மா, நீங்க மருந்த மட்டும் பாருங்க."

"மருந்து எட்டு மணிக்கே குடுத்தாச்சு சார்."

சோலைச்சாமியின் கண் டீச்சர் மேலேயே இருந்தது. அவர் முகத்தின் இடது பாதி வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்த தேர்தலுக்கு அவர் இருப்பாரா என்று கேட்டால் மெகராஜ் பேகம் உண்மையைத்தான் சொல்லுவார்; அதனால் யாரும் கேட்பதில்லை. இது போனால் அவருக்கு வேறு ஓட்டு இல்லை. பதினொன்றில் மூன்றாவதாகவே அதன் கணக்குத் தீர்ந்துவிடும்.

மெகராஜ் பேகம் மின்விசிறியைப் பார்த்தார். ஒன்பதில் வைகுண்டராஜ் தொண்டையைச் செருமினார். பதினான்கில் "அதான் மகனே சொல்லுதாருல்ல" என்றார் ஒரு முகவர். பத்தொன்பதில் இன்னொரு முகவரின் போன் அவர்கள் கட்சிப் பாட்டைப் பாடியது. போலீஸ்காரர் முறைத்ததும் நின்றது. இருபத்திரண்டில் டீச்சர் நிமிரப் பார்த்து, மறுபடி குனிந்தார்.

"நா…னே" என்றார் சோலைச்சாமி.

டீச்சர் எழுதிக்கொண்டார். எல்லாரும் முடிந்தது என்று நினைத்தபோது இன்னொன்றும் வந்தது.

"வெளிய… போங்கலே."

சங்கச் செயலாளர் உத்தரவு போட்டால் இப்படித்தான் இருந்திருக்கும். போலீஸ்காரர்தான் முதலில் நகர்ந்தார். கட்டில் மேசையில் அட்டைத் தடுப்பை வைத்து, வாக்குச்சீட்டையும் பேனாவையும் இடது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, மெகராஜ் பேகமும் வெளியே வந்தார். அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே, சோலைச்சாமி யாருக்குப் போட்டார் என்பது இங்கேயும் உங்களுக்குக் கிடைக்காது.

பத்தொன்பது நிமிஷம் ஆனது. அத்தனை நேரம் சும்மா இருக்க யாரால் முடியும்?

"நீங்க எதுக்குங்க இங்க மெனக்கெடுதீய?" என்றார் முதல் முகவர், இரண்டாமவரிடம். "இந்த வீட்ல பதினோரு ஓட்டும் எங்களுக்கு."

"எங்களுக்குன்னுல்ல சொன்னாரு? சால்வையே போட்டாச்சு."

இருவரும் வைகுண்டராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏண்ணே, ஒங்க வீட்ல மொத்தம் இருபத்திரண்டு ஓட்டா?"

முப்பத்துமூன்று என்பது அவருக்கு மட்டும் தெரியும். "காப்பி சாப்பிடுங்க" என்றார்.

சீட்டை மடித்து, உறையில் போட்டு, ஒட்டி, பெட்டியில் சேர்த்து எல்லாரும் போன பிறகு வைகுண்டராஜ் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து பல மாதம் ஆகிறது.

"அப்பா, யாருக்குப்பா போட்டீய? என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பத்து, இருபது, முப்பது. மாரீஸ்வரி கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். சோலைச்சாமியின் உதடு குவிந்தது. இருவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"உப்புமா… வேண்டாம்" என்றார் அவர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'எங்கள் வீட்டில் இந்தக் கதையெல்லாம் கிடையாது, அவரவர் ஓட்டு அவரவர் இஷ்டம்' என்று சொல்லவும் வாயெடுத்திருப்பீர்கள். வீட்டில் மற்றவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறீர்களா? மெகராஜ் பேகமும் அன்று சாயங்காலம் வன்னியம்பட்டி தாண்டும்போது பஸ்ஸில் 'எங்கள் வீட்டில் இந்தக் கதையெல்லாம் கிடையாது' என்றுதான் நினைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கட்சிக்காரப் பெண், பக்கத்துத் தெருதான், கையில் நோட்டு.

"அக்கா, ஒங்க வீட்ல எத்தன ஓட்டு?"

"நாலு. நான், மகன், மருமக, பேத்திக்கு இப்பத்தான் வந்திருக்கு. எல்லாம் ஒங்களுக்குத்தான், எழுதிக்கோ" என்றார் மெகராஜ் பேகம், செருப்பை மாட்டிக்கொண்டே. இதற்கு அவர் ஒன்றுகூட எண்ணவில்லை.

அடுப்படியில் மருமகள் ஜுவைரியா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் சத்தம் நின்றது. வேறொன்றும் இல்லை. சத்தம் நின்றது, அவ்வளவுதான்.

மெகராஜ் பேகம் தெரு முக்குவரை நடந்தார். பிறகு திரும்பி வேகமாக வந்தார். அந்தப் பெண் மூன்று வீடு தள்ளிப் போயிருந்தாள்.

"ஏட்டி, நில்லு. நாலுன்னு சொன்னேன்ல? ஒண்ணுன்னு போடு. மத்த மூணும் உள்ள இருக்கு. போயி அவியவியகிட்ட கேளு."

"நாலுன்னு எழுதிட்டேனேக்கா. அடிச்சா அசிங்கமா இருக்கும். மேல இருக்கவுக கேப்பாக."

மெகராஜ் பேகம் பேனாவை வாங்கித் தானே அடித்தார். அதற்குள் ஏழு மணி பஸ் போய்விட்டது.