மாமாவுக்குக் காட்டிய பாதாளத் தெரு

ஒரு நாட்டில் பல வருடமாக வாழ்கிறவனுக்கு அங்கே பார்க்கவேண்டிய இடம் ஒன்றும் தெரியாது. விருந்தாளி வந்தால்தான் தேடத் தொடங்குவான். (வருகிறவர் பெண்ணின் தகப்பன் என்றால், எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கவும் வேண்டும்.)

மாப்பிள்ளை பார்க்க லண்டனிலிருந்து வந்திருந்த மாமாவின் ஒரு சொல்லில் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. சூரிச் பழைய நகரத்துக்கு அடியில் ரோமர் காலத்துத் தெரு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே பலதரம் போயிருக்கிறேன் என்று அளந்துவிட்டு அவரைக் கூட்டிப்போனேன்.

ஒரு முற்றத்தில் கீழே இறங்கும் கற்படிகள் தெரிந்தன. உள்ளிருந்து வந்த ஒருவர் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிக்கெட் கூடக் கேட்கவில்லை. நல்ல தேசம் என்று நினைத்தபடி இறங்கினேன்.

கல் வளைவு, ஈரவாடை, ஒடுங்கிய பாதை. இருபக்கமும் மரச்சட்டம் அடித்துப் பூட்டிய சின்ன அறைகள். இவைதான் அந்தக் காலத்துக் கடைகள் என்றேன். ஷ்லீரன் ஊரில் என் வீட்டு நிலவறையிலும் அச்சொட்டாக இதே மரச்சட்டம்தான். (சுவிஸ்காரர் லேசில் எதையும் மாற்றமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.)

ஒரு சட்டத்துக்குள் எட்டிப்பார்த்த மாமா, "தம்பி, ரோமரும் பனியில சறுக்கி விளையாடினவையோ?" என்றார். உள்ளே சறுக்குப் பலகைகள் சாத்தியிருந்தன. ஓம் என்றேன். எனக்கே தலை சுற்றத் தொடங்கியிருந்தது.

பாதை முடிவில் ஒரு சுவிஸ் அம்மா துவைக்கும் மெஷினிலிருந்து போர்வைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ ஒருவரின் வீட்டு நிலவறைக்குள் வருங்கால மாமனாரைக் கொண்டுவந்து சரித்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கத்தில் அந்த மெஷினுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. யார் நீங்கள், எப்படி உள்ளே வந்தீர்கள், பொலிசைக் கூப்பிடவா என்று அந்த அம்மா ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். என்ன சொல்கிறா என்று மாமா கேட்டார்.

"ஆறுதலாப் பாத்திட்டுப் போகட்டாம், மாமா."

மாமா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் படியேறினார். கல்யாணம் கவிழ்ந்தது என்றே முடிவுகட்டினேன். டிராம் தரிப்பிடத்தில்தான் அவர் வாய் திறந்தார்.

"உமக்குப் பொய் சொல்ல வருகுதில்லை, தம்பி. அது நல்லம். என்ர பிள்ளை உம்மட்ட ஏமாறாது."

கல்யாணம் நடந்தது. மாமா மணவறைக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னார். போன வருடம் வந்தபோது, என்னை வீட்டில் விட்டுவிட்டு மகளோடு உண்மையான தெருவைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"அங்க உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஒண்டும் இல்லை, தம்பி. நீர் காட்டினதுதான் வடிவு."